பம்பு அடுப்பும் எண்ணெய் ஹீற்றரும்: பழையதை இனங்கண்டு சேகரிக்கத் தொடங்குவோருக்கு

திருகோணமலையில் குளிர்காய ஹீற்றர் தேடுவோர் யாருமில்லை. மார்கழி வாடைக்கும் ஒரு போர்வை போதும். ஆனாலும் மண்ணெண்ணெயில் எரியும் பழைய பித்தளைச் சாமான்கள் இந்த ஊரில் இன்னும் அகப்படுகின்றன. 1957 வரை துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது, சீனன்குடாவில் அவர்களின் விமானப்படை இருந்தது. அதற்குப் பின்னரும் போர்க்காலம் முழுக்க மின்சாரத்தை நம்ப முடியாத வீடுகள் பெற்றோமக்ஸையும் பம்பு அடுப்பையும் கைவிடவில்லை. இரவுத் தொழிலுக்குப் போன வள்ளங்களிலும் பெற்றோமக்ஸ்தான் எரிந்தது. எரிவாயுச் சிலிண்டரும் எல்.ஈ.டி. விளக்கும் வந்த பிறகு இவையெல்லாம் பரணுக்கும் கோடிக்கும் போயின. அங்கிருந்து இப்போது பழைய இரும்பு லொறிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர் மனதில் வைக்கவேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வாங்குவது தாங்கியை. தோல், றப்பர், நிப்பிள், கால், மேல்வளையம் எல்லாம் பின்னர் தேடலாம், செய்விக்கலாம். தாங்கி வெடித்திருந்தாலோ அரித்திருந்தாலோ அது அலுமாரிக்குத்தான் ஆகும், அடுப்பாக ஆகாது.

கையில் இருப்பது என்ன

பழைய எண்ணெய் அடுப்புகளும் ஹீற்றர்களும் எரிகிற முறையால் மூன்று குடும்பம். எந்தக் குடும்பம் என்று தெரியாமல் எண்ணெய் ஊற்றக்கூடாது.

முதலாவது, மண்ணெண்ணெய் அழுத்த அடுப்பு. பித்தளைத் தாங்கி, பக்கத்தில் கைப்பம்பு, மூடியில் ஒரு சிறு காற்றுத் திருகு, பேர்னருக்கு அடியில், அதை முதலில் சூடாக்க ஸ்பிரிட் ஊற்றும் கிண்ணம். இந்த நான்கும் இருந்தால் அநேகமாக மண்ணெண்ணெய்தான். பம்பு தாங்கிக்குள் காற்றை அடைக்கிறது. காற்று எண்ணெயை நடுக்குழாயால் மேலே தள்ளுகிறது. சூடான பேர்னருக்குள் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளையால் பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரிகிறது. 1892 இல் ஸ்டொக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிறைமஸ் அடுப்பின் முறை இது. பெற்றோமக்ஸ் விளக்கும், பழைய ஊதுவிளக்கும், பிரித்தானிய ரில்லி நிறுவனத்தின் ஆர்-1 ஹீற்றரும் இதே முறைதான். அந்த ஹீற்றரைத் தூரத்திலிருந்தே அறியலாம்: வட்டத் தாங்கியின் மேல் பளபளக்கும் பெரிய குழிந்த தட்டு நிமிர்ந்து நிற்கும்.

இரண்டாவது, பெற்றோல் அடுப்பு. இதில் பெரும்பாலும் பம்பே இராது. தாங்கிக்குள் பஞ்சுத் திரி இருக்கும். பேர்னரின் சூடு தாங்கிக்கு இறங்கி, அந்தச் சூட்டிலேயே அழுத்தம் உண்டாகும். பிறைமஸ் 71, 1955 இல் வந்த ஸ்வேயா 123 இரண்டும் இப்படிப்பட்டவை. அமெரிக்கக் கோல்மன் அடுப்புகளில் பெற்றோலும் உண்டு, பம்பும் உண்டு. ஆகவே பம்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம். கோல்மனில் சுவாலைக்குக் குறுக்கே ஒரு குழாய் ஓடும், ஸ்பிரிட் கிண்ணம் இராது. மண்ணெண்ணெய் அடுப்புக்குள் ஒருபோதும் பெற்றோல் ஊற்றாதீர்கள், 'கொஞ்சம் கலந்தால் நல்லாய்ப் பிடிக்கும்' என்று யார் சொன்னாலும். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் வேண்டும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையே போதும்.

மூன்றாவது, திரி ஹீற்றர். அழுத்தம் இல்லை, சத்தமும் இல்லை. வட்டத்திரி, அதன் மேல் தகரக் கோபுரம், எட்டிப் பார்க்க மைக்கா ஜன்னல். அலாடின், வேலர் என்ற இரண்டு பிரித்தானியப் பெயர்களே அடிக்கடி வரும். இங்கே இவை குறைவு, மலைநாட்டுப் பங்களாக்களிலிருந்து இறங்கி வந்தவை கிடைக்கலாம். வயதை அறிய ஓர் இலகுவழி: விழுந்த ஹீற்றர்களால் தீப்பற்றிய காரணத்தால் பிரித்தானியா 1960 இல் எண்ணெய் ஹீற்றர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. பெயர்த்தகட்டில் 'பி.எஸ். 3300' என்ற தரக்குறி இருந்தால் அது அந்தக் காலத்துக்குப் பிந்தியது. இல்லாவிட்டால் முந்தியதாக இருக்கலாம், தகடு கழன்றதாகவும் இருக்கலாம்.

தொடங்குபவருக்கு முதலாவது குடும்பமே நல்லது. உதிரிப்பாகம் கிடைக்கும், இங்கே தொகையும் அதுதான் கூட. இனி வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

எங்கே தேடுவது

வடகரை வீதி, மத்திய வீதிப் பக்கத்துப் பழைய இரும்பு, பித்தளைக் கடைகளில் நேரே போய் 'பிறைமஸ் இருக்கா' என்று கேட்டால் விலை ஏறும். பழைய பித்தளைச் சாமான் இருக்கிறதா என்று கேட்டுக் குவியலை நீங்களே கிளறுங்கள். பித்தளை கிலோக் கணக்கில் விற்கும் சாமான் என்பதால், கடைக்காரருக்கு அடுப்பும் உடைந்த குத்துவிளக்கும் ஒன்றே. நிறுவை விலையைச் சற்று விஞ்சிக் கொடுத்தால் உருக்குப் பட்டறைக்குப் போவது நின்றுவிடும்.

உவர்மலை, டொக்யாட் வீதிப் பழைய வீடுகளைத் திருத்தும்போதும் இடிக்கும்போதும் மேசன்மார் கையில் இவை அகப்படும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கடற்கரைக் குடும்பங்களிடம் பெற்றோமக்ஸ் அதிகம், அடுப்பு குறைவு. பழைய நகைப் பட்டறைகளில் ஊதுவிளக்கு இருக்கும். கோயில் களஞ்சிய அறைகளிலும் பழைய விளக்குகள் உண்டு, ஆனால் அவை கோயில் சொத்து. விலை பேசுவதற்கு முன் பரிபாலன சபை எழுத்தில் அனுமதி தரவேண்டும்.

போகக்கூடாத இடமும் உண்டு. பழைய முகாம் நிலங்கள், காடு பற்றிய பதுங்குகுழிகள், எண்ணெய்க் குதங்களைச் சுற்றிய பற்றைகள். அங்கே மண்ணைத் தோண்டி உலோகம் தேடாதீர்கள். இரண்டு போர்களின் வெடிபொருள் இந்த மண்ணில் கிடந்திருக்கிறது. பித்தளையாகத் தெரிவது எல்லாம் அடுப்பல்ல.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

ஒரு காந்தம், ஒரு சிறு ரோர்ச், ஒரு துணி. இவை மூன்றும் பையில் இருந்தால் போதும்.

காந்தத்தைத் தாங்கியில் வையுங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் அது நிக்கலோ குரோமோ பூசிய இரும்புத் தாங்கி. இரும்புத் தாங்கி கெட்டதென்று இல்லை, ஆனால் கடற்காற்று அடிக்கும் ஊரில் அது உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். வெளியே பார்த்து அறிய முடியாது.

அடியைத் திருப்புங்கள். நல்ல தாங்கியின் அடி உட்பக்கமாகக் குழிந்திருக்கும். வெளியே புடைத்திருந்தால் யாரோ அளவுக்கு மீறிப் பம்பு அடித்திருக்கிறார்கள், அல்லது அடுப்பு தீயில் அகப்பட்டிருக்கிறது. அதை எரிக்க வாங்கவேண்டாம். அடுத்து, அடி விளிம்பையும் தோளையும் துணியால் துடைத்து, மயிரிழைபோன்ற வெடிப்புத் தேடுங்கள். துடைத்த கையோடு ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வெடிப்பு நிழலாகத் தெரியும்.

இந்த வெடிப்புக்குக் காரணம் அடியோ விழுந்ததோ அல்ல, பெரும்பாலும் அமோனியா. அச்சில் அழுத்தி உருவாக்கிய பித்தளைத் தகட்டுக்குள் இழுவிசை தங்கியிருக்கும். ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் அந்த இழுவிசை உள்ள இடமாகப் பார்த்துப் பித்தளை பிளக்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கோது தானாக வெடித்தது இதனால்தான். காரணத்தை 1921 இல் கண்டறிந்தார்கள். நம் வீடுகளில் லாயம் இல்லை, ஆனால் மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு, வௌவால் அடையும் பரண் உண்டு. மூன்றிலும் அமோனியா உண்டு. கோழிக்கூட்டு ஓரத்திலிருந்து எடுத்த அடுப்பு என்றால் இருமடங்கு கவனமாகப் பாருங்கள்.

இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் பித்தளையிலிருந்து நாகம் (துத்தநாகம்) அரித்துப் போய்ச் செம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. நகத்தால் சுரண்டுங்கள். மேலோட்டமான நிறம் என்றால் பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் விடுங்கள். பச்சைக் களிம்பு பார்வைக்குத்தான் பயங்கரம், அநேகமாகக் கழுவப் போய்விடும். நெளிவு ஒன்றிரண்டு இருக்கலாம், கூர்மையாக மடிந்த நெளிவுதான் ஆபத்து.

தாங்கியில் ஈயப் பற்றாசு வைத்த ஒட்டு இருந்தால், யார் எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும், அது காட்சிப் பொருள். அழுத்தமும் சூடும் சேரும் இடத்தில் அப்படி வைத்த ஒட்டு நிற்காது.

கடைசியாகப் பம்புக் கைபிடியை இழுத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் கவலையில்லை, தோல் காய்ந்திருக்கும். ஆனால் பேர்னரைத் திருகிப் பார்க்க வேண்டாம். அங்கேதான் பலர் தாங்கியைக் கிழிக்கிறார்கள்.

பெயரும் வயதும்

பழுப்பையும் அழுக்கையும் துடைத்து எழுத்தைப் படிக்கும்வரை பொலிஷ் கிட்ட வரக்கூடாது. பழைய முத்திரைகள் ஆழமற்றவை. பத்து முறை தேய்த்த அடுப்பில் பெயரே இராது. படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எழுத்தை எடுங்கள், அல்லது கோதுமை மாவைத் தூவி மேலே துடையுங்கள்.

பார்க்கவேண்டிய இடங்கள்: தாங்கியின் தோள், அடி, மூடி, பேர்னரின் கை, பம்புக் கைபிடியின் தலை, காலின் உட்பக்கம். தோளில் 'பிறைமஸ்' என்றும் 'பி.ஏ. யோர்த், ஸ்டொக்ஹோம்' என்றும் இருந்தால் சுவீடன் பிறைமஸ். 1911 முதல் பிறைமஸ் ஆண்டுக்கு ஓர் எழுத்தாக ஆங்கில 'ஏ' யிலிருந்து தொடங்கிக் குறி போட்டது. எழுத்தை விரல்விட்டு எண்ணி ஆண்டைச் சொல்லிவிடாமல் சேகரிப்போர் வெளியிட்ட அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண் மாதிரியைக் காட்டும்: 1 என்பது ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளும் வீட்டு அடுப்பு, 96 என்பது தகரப் பெட்டிக்குள் அடங்கும் கால் லீற்றர்ப் பயண அடுப்பு.

ஒப்டிமஸ், ரேடியஸ், ஸ்வேயா மூன்றும் ஸ்டொக்ஹோம் பக்கத்தவை. 1962 இல் பிறைமஸின் எண்ணெய் அடுப்புத் தொழில் ஒப்டிமஸின் கைக்குப் போனது. ஆகவே அந்த ஆண்டுக்குப் பிந்திய அடுப்புகளில் இரண்டு பெயரும் கலந்திருந்தால் உடனே போலி என்று தள்ளவேண்டாம். மொனிட்டர், வெறிற்றாஸ் பிரித்தானியா. எண்டர்ஸ் ஜேர்மனி. பீபஸ் ஒஸ்ரியா. ஹிப்போலிற்றோ போர்த்துக்கல். பெற்றோமக்ஸ் பேர்லினில் ஏரிக் அன்ட் கிரேற்ஸ் நிறுவனம் செய்தது. வண்ணத்துப்பூச்சியோ நங்கூரமோ முத்திரை என்றால் சீனா, அதைக் குறைவாக மதிக்காதீர்கள். கடற்கரை வீடுகளில் உண்மையில் எரிந்தது அதிகம் இவைதான். இந்தியப் பிரபாத்தும் இடையிடையே வரும்.

கோல்மன் விளக்குகளின் அடியில் மாதமும் ஆண்டும் இரு எண்களாகப் பொறித்திருக்கும், அதைவிட இலகுவான வயதுக்குறி கிடையாது.

பிரித்தானிய இராணுவச் சாமானில் அகன்ற அம்புக்குறி இருக்கும், பெரும்பாலும் ஆண்டும் சேர்ந்து. திருகோணமலையில் இந்தக் குறிக்குத் தனி மவுசு. அதனாலேயே சந்தேகமும் வேண்டும். உண்மைக் குறி பழுப்பேறிய தரையோடு சேர்ந்தே பழுப்பேறியிருக்கும். பள்ளத்துக்குள் பித்தளை புதிதாக மின்னினால் அண்மையில் உளியால் அடித்தது.

போலியைவிட அடிக்கடி வருவது கலப்பு: ஒரு நிறுவனத்தின் தாங்கியில் இன்னொன்றின் பேர்னர், மூன்றாவதன் மூடி. இதில் மோசடி இல்லை, உழைத்த அடுப்பு அப்படித்தான் ஆகும். பேர்னரில் இரு வகை. இரைச்சல் பேர்னரில் நிப்பிளுக்கு மேல் ஒரு வட்டத் தட்டு, சுவாலை அதில் மோதிப் பரவும், 'ஓ'வென்று இரையும். அமைதிப் பேர்னரில் துளைகள் நிறைந்த ஒன்றுக்குள் ஒன்றான இரு தொப்பிகள். அமைதிப் பேர்னரின் உள்தொப்பி தொலைந்திருந்தால் அடுப்பு ஒருபோதும் நீலமாக எரியாது. விலை பேசும்போது அதை முதலில் பாருங்கள்.

கழற்றிக் கழுவுதல்

தாங்கிக்குள் பழைய எண்ணெய் அரக்காகக் காய்ந்திருக்கும். கால் லீற்றர் மண்ணெண்ணெயும், எண்ணி வைத்த இருபது சிறு பித்தளை நட்டும் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். வெளியே எடுக்கும்போது நட்டு இருபதும் வரவேண்டும். அரக்கு கரையாவிட்டால் ஹாட்வெயார்க் கடைத் தின்னரை ஓர் இரவு விடலாம், ஆனால் மூடியைத் திறந்து, சமையலறைக்கு வெகு தூரத்தில். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் மூன்று முறை அலசி, வெயிலில் வாய் கீழாகக் காயவிடுங்கள்.

பேர்னரைக் கழற்ற இரண்டு ஸ்பனர் வேண்டும். ஒன்று பேர்னரின் அடிநட்டில், மற்றது தாங்கியிலிருந்து எழும் குழாயின் நட்டில். இரண்டாவது இல்லாமல் திருகினால் குழாயோடு தாங்கியின் தோளும் சேர்ந்து முறுகும். இளகவில்லையா, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். அப்படியும் இளகாவிட்டால் சூடாக்கவேண்டும். அதற்கு முன் கழுவிய தாங்கியில் தண்ணீரை விளிம்புமட்டும் நிரப்பி, மூடியைத் திறந்தே விடுங்கள். தண்ணீர் இருக்கும்வரை தாங்கியின் பற்றாசு உருகும் வெப்பத்துக்குப் போகாது, எண்ணெய் ஆவிக்கும் இடமில்லை. கழுவாத வெறுந்தாங்கியைச் சூடாக்குவது வெடிகுண்டு செய்வது.

கழற்றிய பேர்னருக்குள் கரி அடைத்திருக்கும். எரிவாயுச் சுவாலையில் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, இடுக்கியால் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். உள்ளே கரி நொறுங்கும். இரண்டு மூன்று முறை செய்து, தட்டி, ஊதி எடுத்தால் குழாய் திறந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

வெளிக் களிம்புக்கு ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 50 கிராம் சிற்றிக் அமிலம். இருபது நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். கூடினால் பித்தளையே இளஞ்சிவப்பாக மாறும். தேசிக்காயும் புளியும் அதே வேலையை மெதுவாகச் செய்யும், ஆனால் உப்புச் சேர்த்துத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கம் இங்கே வேண்டாம், உப்பு மூட்டுகளுக்குள் நின்று அரிக்கும். முடிந்ததும் அப்பச்சோடாத் தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை. நகரின் கிணறுகள் சில உவர், கடைசி அலசலுக்கு மழைநீர் சிறந்தது.

பளபளப்பாக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். அலுமாரியில் கண்ணாடிபோல் மின்னும் அடுப்பைவிடப் பழுப்பேறிய அடுப்புக்கு மதிப்புக் கூட என்பது எமது கருத்து. எப்படியும் அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷை வாங்கவேண்டாம். தகரத்தின் பின்பக்கத்தில் படித்துப் பாருங்கள், மணந்தாலே தெரியும்.

தோல், றப்பர், ஈயம், நிப்பிள்

பம்புத் தோலைச் செருப்புத் தைப்பவரிடம் வெட்டுவிக்கலாம். 1.5 முதல் 2 மில்லிமீற்றர்த் தடிப்பு, பம்புக் குழாயின் உள்விட்டத்தைவிட 8 முதல் 10 மில்லிமீற்றர் கூடிய வட்டம். தண்ணீரில் ஊறவைத்துக் கிண்ண வடிவுக்கு அழுத்திக் காயவைத்து, மெல்லிய இயந்திர எண்ணெயில் ஓர் இரவு போடுங்கள். கிண்ணத்தின் வாய் தாங்கியின் பக்கம் பார்க்கவேண்டும். தலைகீழாய்ப் போட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. நல்லெண்ணெய் விடாதீர்கள், சில மாதத்தில் பிசினாகிவிடும்.

பம்புக் குழாயின் அடியில் சிறு வால்வு ஒன்று உண்டு. காற்றை உள்ளே விடும், எண்ணெயை வெளியே விடாது. அதற்குள் சுருளும் ஒரு துளி தக்கையும் இருக்கும். அதைக் கழற்ற நீண்ட தண்டுள்ள சாவி வேண்டும், லேத் பட்டறையில் செய்விக்கலாம். தக்கைக்குப் பதில் எண்ணெய் தாங்கும் நைத்திரைல் அல்லது விற்றன் றப்பரை வெட்டிப் போடுங்கள், கராஜ் உதிரிக் கடைகளில் ஓ-ரிங்காகவும் தாளாகவும் கிடைக்கும். மூடிக்கும் அதுவே. சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போடும் பழக்கம் ஊரில் உண்டு. மண்ணெண்ணெயில் அது ஊதிப் பெருத்து, ஒரு மாதத்தில் களியாகும்.

பேர்னர் அமரும் இடத்தில் ஈய வாசர். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடவேண்டும்.

நிப்பிள் துளை பெரிய அடுப்புகளில் ஏறத்தாழ 0.32 மில்லிமீற்றர், சிறியவற்றில் 0.28. அடைத்தால் தையல் ஊசியால் குத்துவதுதான் இந்த ஊரில் நிப்பிள்கள் செத்த வழி. துளை நீள்வட்டமானால் சுவாலை சரியும், மஞ்சளாகும், பின் திருத்தமில்லை. துளை குத்தும் மெல்லிய கம்பி இல்லாவிட்டால் கிற்றாரின் மெல்லிய முதல் தந்தியில் ஒரு துண்டு போதும்: 0.009 அங்குலம், அதாவது 0.23 மில்லிமீற்றர்.

தண்ணீரில் சோதித்தல்

பேர்னரைக் கழற்றி, எழுகுழாயின் வாயைக் குருட்டு நட்டும் (ஒரு பக்கம் மூடிய நட்டு) றப்பரும் போட்டு அடையுங்கள். தாங்கி வெறுமையாக இருக்கட்டும். மூடியையும் காற்றுத் திருகையும் இறுக்கி, பதினைந்து முறை பம்பு அடித்து, வாளித் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். மூடியில் குமிழி என்றால் றப்பர். பம்புக் கைபிடிக்குள்ளிருந்து என்றால் அடிவால்வு. குழாய் தாங்கியோடு சேரும் இடத்திலோ தகட்டின் நடுவிலோ ஒரு குமிழி வந்தாலும் அந்த அடுப்பை இனிக் கொளுத்த வேண்டாம்.

முதல் முறை கொளுத்துதல்

முற்றத்தில், கூரைக்கும் கிடுகு வேலிக்கும் தூரமாக, மணல் பரப்பிய தரையில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையைத் தெரிவு செய்யுங்கள். மதியத்துக்குள் காற்று எழுந்துவிட்டால் ஸ்பிரிட்டின் சூடு பேர்னருக்குச் சேராது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்துப் பிழிந்த சாக்கும். எரியும் எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

1. சுத்தமான மண்ணெண்ணெயைத் துணியால் வடித்து, தாங்கியின் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றுங்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும்.

2. காற்றுத் திருகைத் திறந்தே விடுங்கள். கிண்ணத்தில் ஸ்பிரிட் நிறைய விட்டுக் கொளுத்துங்கள். முதல் முறை ஒரு கிண்ணம் போதாது. முதலாவது அணைந்து, கிண்ணம் ஆறிய பிறகு இரண்டாவது. எரியும்போது போத்தலால் ஊற்றவே கூடாது, சுவாலை போத்தலுக்குள் ஏறும்.

3. இரண்டாவது ஸ்பிரிட் அணையப் போகும் தறுவாயில் திருகை மூடி, இரண்டு மூன்று முறை மட்டும் மெதுவாகப் பம்பு அடியுங்கள். நீலச் சுவாலை பிடிக்கும்.

4. ஒரு நிமிடம் விட்டு இன்னும் பத்துப் பதினைந்து அடி. சுவாலை தட்டுக்கு வெளியே நீண்டால் கூடிவிட்டது, திருகைச் சற்றுத் தளர்த்தி விடுங்கள்.

5. அணைப்பதும் அந்தத் திருகால்தான். ஊதவேண்டாம்.

மஞ்சள் சுவாலை உயர எழுந்து புகைந்தால் பேர்னர் சூடாகவில்லை, எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது. திருகைத் திற, ஆறவிடு, மீண்டும் ஸ்பிரிட்டிலிருந்து தொடங்கு. சுவாலை மூச்சு வாங்குவதுபோல் கூடிக் குறைந்தால் பேர்னருக்குள் கரி மிஞ்சியிருக்கிறது, அல்லது எண்ணெய் முடிகிறது. ஒரு பக்கம் சரிந்தால் நிப்பிள். கைபிடி தானாக மேலே எழும்பினால் அடிவால்வு கசிகிறது, எண்ணெய் பம்புக்குள் வருகிறது, உடனே அணையுங்கள். பம்பு அடிக்கும்போது எதிர்ப்பே இல்லையென்றால் தோல், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். தாங்கியைக் கையால் தொட முடியாதபடி சுட்டால், காரணத்தைத் தேடிக்கொண்டிராமல் அணையுங்கள்.

அழுத்த அடுப்பையோ திரி ஹீற்றரையோ மூடிய அறைக்குள் எரிக்காதீர்கள். எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

எண்ணெயை வீணாக்கும் விளையாட்டும் அல்ல இது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதோடு வெறுமனே எரித்துப் பார்க்கும் ஆசை பலருக்கு அடங்கிவிட்டது. ஆண்டுக்கு இரு முறை பத்து நிமிடம் எரித்தால் தோலும் வால்வும் உயிரோடிருக்கும்.

வைத்துப் பேணுதல்

எண்ணெயை வடித்துவிட்டு வையுங்கள். உள்ளே விட்டால் அரக்காகும், வெயில் படும் ஜன்னலோரம் என்றால் ஆவியும் சேரும். காற்றுத் திருகு சற்றுத் திறந்திருக்கட்டும், றப்பர் நசியாது. கடற்கரைக்கு அண்மையில் இருப்பவர்கள் பித்தளைக்கு மெல்லிய மெழுகுப் பூச்சும், இரும்புக் காலுக்கும் சுருளுக்கும் எண்ணெய்த் துணித் துடைப்பும் மாதம் ஒரு முறை செய்தால் போதும். ஐப்பசி முதல் தைவரை மாதம் இருமுறை. அலுமாரியைக் குளியலறைச் சுவரோடு வைக்காதீர்கள், கழிவறை கழுவும் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா உண்டு.

பழைய ஹீற்றர்களிலும் விளக்குகளிலும் வெண்ணிற நார்ப்பொருள் அடைத்திருந்தால் அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். ரில்லி விளக்கைச் சூடாக்கும் ஸ்பிரிட் கிளிப்பின் பஞ்சும் அதே. உலர்ந்தபடி பிய்க்காமல், நனைத்து, பொலித்தீன் பைக்குள் கட்டுங்கள். பெற்றோமக்ஸோடு கிடைக்கும் பழைய மென்ரில்களில் (சுவாலையில் ஒளிரும் வலைப்பைகளில்) தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. பெட்டியோடு வைத்திருப்பதில் தீங்கில்லை. எரிந்து சாம்பலானதை ஊதித் தள்ளுவதும் வெறுங்கையால் பொடிப்பதும் கூடாது. மாட்டி எரிக்க, தோரியம் இல்லாத புதிய மென்ரில்லை வாங்குங்கள்.

ஒவ்வோர் அடுப்புக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: எந்த ஊரில், எந்த வகை வீட்டிலிருந்து வந்தது, என்ன முத்திரை, எந்தப் பாகம் மாற்றியது, தண்ணீர்ச் சோதனை எந்தத் திகதியில், முடிவு என்ன. மாற்றிய பழைய பாகத்தை வீசாமல் சிறு பையில் போட்டு அட்டையோடு கட்டி வையுங்கள். சோதனையில் தவறிய தாங்கிக்கு மூடியைக் கழற்றி வைத்து, 'எரிக்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதிக் கட்டுங்கள். உங்களுக்குப் பின் அதை எடுப்பவருக்கு வெடிப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது.